பின்பாரம்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் சார். ஐந்து நாளாக நானேதான் போட்டுக் குடிக்கிறேன். இரும்பில் அரை நூல் தப்பினாலும் கண்டுபிடித்துவிடுகிற கைக்கு, ஒரு டம்ளருக்கு எத்தனை ஸ்பூன் என்பது இன்னும் பிடிபடவில்லை. என் தங்கை டெல்பின் இருந்தவரை நான் அடுப்பங்கரைப் பக்கம் போனதே கிடையாது.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போட்டிருக்கும் வண்டிக்கு அடியில், சட்டை அழுக்காவதைப் பார்க்காமல் நீங்கள் படுத்துப் பார்த்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அது பிடித்திருந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் என்று வருகிறவர்களில் பாதிப் பேர் நின்ற இடத்திலிருந்தே கையெழுத்துப் போடுகிறவர்கள். நீங்கள் முன் டேங்கைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறீர்கள். இங்கே பட்டறைக்கு வந்ததும் ஷட்டரின் உள்பக்கத்தில் சாக்பீஸால் எழுதியிருக்கும் நான்கு வரிகளையும் பார்த்துவிட்டீர்கள். நான்காவது வரி என்ன என்று கேட்டீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

உள்ளே வரும்போதே நீங்கள் ஒன்று சொன்னீர்கள். "ஒண்ணு ஓட்டுனவரு வேகமாப் போயிருக்கணும். இல்ல, கட்டுனதுல தப்பு இருக்கணும். ரெண்டுல ஒண்ணத்தான் நான் எழுத முடியும்." அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனது சரியில்லை. முதலாவதை நீங்கள் எழுதிக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. வண்டியை ஓட்டிய பாலகுரு சாரே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழுத்தெலும்பு உடைந்து கிடந்தபடி, நான்தான் அவளைக் கொன்றேன், நான்தான் கொன்றேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் நாளைக்கு ஒரு வக்கீல் வந்து, அவர் வேகமாகப் போகவில்லை என்று நிரூபித்துவிட்டால், மிச்சம் இருப்பது இரண்டாவதுதான். கட்டியதில் தப்பு. என் பொறுப்புக்கு வந்த இருபத்திரண்டு வருஷத்தில் இந்த நெரவிப் பட்டறையிலிருந்து நூற்று நாற்பது ட்ரெய்லர் போயிருக்கிறது. நெல் ஏற்றுவது, தண்ணீர் டேங்க் இழுப்பது, கரும்புக்குப் போவது என்று எல்லா வகையும் உண்டு. வெல்டிங் விட்டது என்று ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதனால்தான் பேசுகிறேன்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. புது வண்டி காலியாக வெளியே போகக் கூடாது. அப்பா காலத்திலிருந்து வருவது. சர்ச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பது தனி, இது தனி. ஒரு பொட்டலம் உப்பும் ஒரு குடம் தண்ணீரும் வைத்து, வீட்டுப் பெண் ஒருத்தி ஏறி உட்கார்ந்து மெயின் ரோடு முக்கு வரை போய் இறங்கிக்கொள்ள வேண்டும். அம்மா இருந்தவரை அம்மா. அதற்குப் பிறகு டெல்பின். வண்டியின் பின்கோடியில், பின்பக்கம் பார்த்து, மடியில் குடத்தை அணைத்துக்கொண்டு உட்காருவாள். தெருவில் நிற்கிறவர்களுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டே போவாள். நான் டிவிஎஸ்ஸில் பின்னாலேயே போய், முக்கில் இறங்குகிறவளை ஏற்றிக்கொண்டு வருவேன். எந்தச் சாதி, எந்த மதத்து வாடிக்கையாளரும் இதற்கு வேண்டாம் என்று சொன்னதில்லை. டெல்பின் ஏறி இறங்கிய வண்டி ராசி என்று கேட்டு வாங்கிப் போனவர்களும் உண்டு.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். மூன்று வரன் வந்தது, மூன்றிலும் குறை இருந்தது. முதல் ஆள் தூத்துக்குடி, அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது. இரண்டாவது ஆள் பிரான்சு நேஷனாலிட்டி உள்ளவர், பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. மூன்றாவது ஆளிடம் குறை கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. ஆனால் கண்டுபிடித்தேன். என் தொழிலே அதுதானே. நானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை இருக்கும்போது எப்படி என்று சொன்னேன், ஊரும் ஒப்புக்கொண்டது. அவளை நான் ஒரு நாள் அதட்டியதில்லை, கை நீட்டியதில்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

பாலகுரு சார் இந்த வருஷம் பொங்கல் கழிந்து வந்தார். குரும்பகரத்துக்காரர், விவசாயத் துறையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், மனைவி இறந்து ஆறேழு வருஷம் ஆகிறது. கட்டம் போட்ட தாளில் ஸ்கேல் வைத்துப் படம் வரைந்து கொண்டுவந்திருந்தார். செல்போனில் வீடியோ காட்டினார். ஜீப்புக்குப் பின்னால் சின்னதாக ஒரு வீடு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மேலே சோலார். பக்கவாட்டில் இழுத்தால் கூடாரம் மாதிரி விரிகிற துணி. கேம்பர் ட்ரெய்லர் என்றார்.

"நெல்லுக்குக் கட்டுற கை, மனுசனுக்குக் கட்டாதா கிளாட்வின்?" என்று கேட்டார்.

எனக்கும் ஆசைதான். பத்தடிக்கு ஆறடி, சதுரக் குழாயில் சட்டம். ஒற்றை அச்சு, புதுப் பட்டை ஸ்பிரிங். வெளியே அலுமினியத் தகடு, உள்ளே பிளைவுட், நடுவில் வெயிலுக்குத் தெர்மாகோல். கூரை ஒன்றரை அடி மேலே தூக்கிக்கொள்ளும். ஒழுகல் பார்ப்பதற்காக மூன்று நாள் ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்து, ஜன்னல் மூலையில் ஒரு சொட்டு கசிந்ததற்காக ஜன்னலையே பெயர்த்து மறுபடி வைத்தேன். தெருவில் அதற்கு வீட்டு வண்டி என்று பேர் வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டால் ஒரு கூட்டம் வந்து நிற்கும். டெல்பினும் வந்து நிற்பாள்.

சந்தேகம் மார்ச்சில் வந்தது. எனக்குச் சந்தேகம் காற்றில் வராது, அளவில்தான் வரும். அடுப்பு மேடையின் உயரம் முதல் படத்தில் முப்பத்தாறு அங்குலம். மார்ச் கடைசியில் பாலகுரு சார் வந்து அதை முப்பத்தொன்றாக்கச் சொன்னார். அவர் ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. முப்பத்தொன்றில் சமைத்தால் அவருக்கு இடுப்பு போய்விடும். அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டு அடுப்பு மேடையை டேப் வைத்து அளந்தேன். டெல்பின் நாலடி பத்து அங்குலம், அவளுக்காகத் தாழ்த்திக் கட்டிய மேடை அது. முப்பத்தொன்று.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் கவனித்தேன். பொங்கல் கழிந்து வந்தபோது அவர் 'உங்க தங்கச்சி' என்று சொன்னார். தவக்காலத்தில் 'டெல்பின் அவங்க' ஆயிற்று. ஈஸ்டர் கழிந்து வெறும் 'டெல்பின்'. டீ கொண்டுவந்தால் முதல் டம்ளர் எனக்கு வரும், அது எத்தனையோ வருஷத்துப் பழக்கம். மே மாதத்தில் ஒரு நாள் முதல் டம்ளர் அவருக்குப் போயிற்று. தவறுதலாக என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் போயிற்று. ஜன்னல் திரைக்கு அவளே போய்த் துணி எடுத்து வந்தாள், யாரையும் அளவு கேட்கவில்லை. அளவு தெரிந்துதான் வெட்டினாள். நான் வீட்டுக்குள் நுழைந்தால் போன் பேச்சு அப்படியே வேறு பக்கம் திரும்பும். "சரிங்க, அப்பறம் பேசுறேங்க" என்று வைப்பாள். முகத்தில் அப்போது ஒரு சிரிப்பு மிச்சம் இருக்கும். நாற்பத்தாறு வருஷத்தில் நான் பார்க்காத சிரிப்பு.

ஜூனில் முதல் ஓட்டம் பார்த்தோம். பைபாஸில் போய்விட்டு வந்த பாலகுரு சார் வேர்த்து விறுவிறுத்து இறங்கினார்.

"கிளாட்வின், அம்பதத் தாண்டுனா வண்டி வாலாட்டுதுங்க. பிரேக்கப் புடிச்சா இன்னும் ஆடுது. ஜீப்பையே இழுக்குது."

டயர் காற்றைப் பார்த்தேன், சரி. பட்டையைப் பார்த்தேன், ஹப் பேரிங்கைப் பிரித்துப் பார்த்தேன், ஜீப்பின் கொக்கிக் குண்டையும் அது உட்காரும் கிண்ணத்தையும் பார்த்தேன், எல்லாம் சரி. இரண்டு நாள் தூக்கம் இல்லை. பிறகுதான் பொறி தட்டியது. உங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் ரிப்போர்ட்டைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். வைக்கோல் ஏற்றுகிறவனைக் கேட்டால்கூடச் சொல்வான். மாட்டு வண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே தூக்கும். இதுவும் அதேதான். வண்டி எடையில் பத்தில் ஒரு பங்காவது அதன் மூக்கில், அதாவது ஜீப்போடு மாட்டுகிற முன்முனையில், நின்று கொக்கியை அழுத்த வேண்டும். படத்தில் போட்டிருந்தபடி எண்பது லிட்டர் தண்ணீர் டேங்கை நான் அச்சுக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

பக்கத்துப் பழைய இரும்புக் கடைக்காரர் காஜா நஜ்முதீனிடம் மேடைத் தராசு இருக்கிறது. அதைத் தள்ளிக்கொண்டு வந்து மூக்கை அதன்மேல் இறக்கினோம். பத்தொன்பது கிலோதான் காட்டியது. குறைந்தது ஐம்பது கிலோ இருக்க வேண்டும். டேங்கைக் கழற்றி அச்சுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்து, நிரப்பி, மறுபடி நிறுத்தோம். சரியாக ஐம்பது. பாலகுரு சார் கை தட்டினார். நல்ல மனுஷர்தான், அதை நான் எங்கேயும் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

தராசு சும்மா இருக்கிறதே என்று டெல்பின் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்றாள்.

"அக்கா, அம்பத்தெட்டு," என்றார் காஜா. "போன நோம்புக்கு அறுவது இருந்தீங்க. என்னா, எளைச்சுட்டே போறீங்க?"

"வண்டியில ஏறணும்ல பாய்," என்றாள் அவள். மூன்று பேரும் சிரித்தார்கள். நான் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலையில் அவளே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "அண்ணே, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவரும் நானும் பதிவு பண்ணிக்கலாம்னு இருக்கோம். வருசத்துல ஒரு மூணு மாசம் வண்டியில ஊரு ஊராப் போயிட்டு வருவோம். மத்தபடி இங்கதாண்ணே இருப்பேன், அவரும் சரின்னுட்டாரு. ஒங்கள விட்டுட்டு எங்க போவப் போறேன்?"

நான் சரிம்மா என்றேன். கோபப்படவில்லை. இன்னொரு கரண்டி ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மூன்று மாதம் என்று எல்லோரும்தான் சொல்வார்கள். முதலில் மூன்று மாதம், பிறகு ஆறு மாதம், பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு போன். அவளை ஏமாற்றப் பார்க்கிறார், அவளுக்கு அது தெரியவில்லை, என் கண்ணுக்குத் தெரிகிறது. தெரிந்தும் சும்மா இருந்தால் நான் என்ன அண்ணன்?

ஆகஸ்ட் முதல் வாரம் வண்டிக்குள் ஏதோ திருகாணி இறுக்கப் போனேன். அடுப்பு மேடைக்கு மேலே சின்னத் தட்டில் வேளாங்கண்ணி மாதா சுரூபம் இருந்தது. நீலச் சேலை, ஒரு சாண் உயரம். எங்கள் வீட்டு மாடத்தில் அம்மா வைத்த சுரூபமும் நீலச் சேலைதான், ஒரு சாண்தான். வீட்டு மாதாவையே தூக்கிக்கொண்டு போகிறவள் திரும்பி வருவாளா? அத்தோடு எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. வீட்டு மாடத்தில் சுரூபம் இருக்கிறதா இல்லையா என்று உள்ளே போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அடுத்த நாள் நானே ஒரு யோசனை சொன்னேன். வெளியூரில் குளிக்கத் தண்ணீர் வேண்டுமே, பின்கோடியில் நாற்பத்தைந்து லிட்டரில் இன்னொரு டேங்க் வைத்துத் தருகிறேன் என்று. டெல்பினுக்கு ஒரே சந்தோஷம். பாலகுரு சார் கெட்டிக்காரர், உடனே கேட்டார்.

"பின்னால பாரம் ஏறாதா? மறுபடி வாலாட்டிரப் போவுது."

"முன் டேங்க நெறைச்சு வெச்சிருந்தா ஒண்ணும் ஆவாது சார்," என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆனால் முன் டேங்கை நிரப்ப முடியாதபடி செய்தேன். முன்பக்கத்து மூடியில் ஹோஸ் வைத்தாலும் தண்ணீர் நேராகப் பின் டேங்குக்குப் போகிற மாதிரி, தரைப் பலகைக்கு அடியில் குழாயைத் திருப்பினேன். பின் டேங்க் நிரம்பி வழிவது முன் மூடியிலேயே வழிகிற மாதிரி இன்னொரு குழாய். அதைப் பார்த்தால் முன் டேங்க் நிரம்பிவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். சுத்தமான வேலை. நீங்கள் முன் டேங்குக்குள் என்ன பார்த்தீர்கள் என்று தெரியும். குழாய்க்காக ட்ரில் போட்ட பிளாஸ்டிக் தூள் ஈரமே படாமல் உதிரி உதிரியாகக் கிடந்திருக்கும். அதைத் துடைக்காமல் விட்டது ஒன்றுதான் என் கவனக் குறைவு. அதோடு ஸ்டெப்னியை முன்னாலிருந்து கழற்றிப் பின்கதவில் மாட்டினேன். பார்க்க எடுப்பாக இருக்கிறது என்று பாலகுரு சார் போட்டோ எடுத்துக்கொண்டார்.

இது எதற்கு என்றால், அவரைப் பயமுறுத்தத்தான். சமதளத்தில் வண்டி கொஞ்சம் ஆடும், பாலத்து இறக்கத்தில் நன்றாக ஆடும். ஜூனில் பயந்த மாதிரி பயந்து, ஓரமாக நிறுத்தி, திரும்பி வந்துவிடுவார். இந்த வண்டியே வேண்டாம் என்பார். வண்டி இல்லாவிட்டால் பயணம் இல்லை. பயணம் இல்லாவிட்டால் குரும்பகரத்தில் மனைவி இல்லாத ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சமைத்துப்போட டெல்பினுக்கு என்ன தலையெழுத்து? இரண்டு மாதத்தில் எல்லாம் ஆறிப்போய்விடும். ஓடும் வண்டிக்குள் ஆள் இருக்கக் கூடாது என்பது உங்கள் சட்டம். அதை நான் கதவிலேயே சிவப்புப் பெயிண்டில் எழுதி வைத்திருந்தேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள், கவிழ்ந்த பிறகும் அந்த எழுத்து உரியவில்லை.

வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக் கூட்டம் ஆரம்பிக்கும் முன்பே வண்டியை மாதா கோயிலில் வைத்து மந்திரித்துவிட வேண்டும் என்று டெல்பின் பிடிவாதமாக இருந்தாள். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். டேங்குகளுக்கு அவளே ஹோஸ் பிடித்தாள். முன் மூடியில் தண்ணீர் வழிந்ததும் "அண்ணே, ரொம்பிட்டு" என்று கத்திச் சொன்னாள். பாலகுரு சார் ஜீப்பைப் பின்னால் எடுத்து வந்து கொக்கியை மாட்டினார். மூக்கு லேசாக இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும், ஒரு தரம் கையால் தூக்கிப் பார்த்தார். ஆனால் கட்டியவன் பக்கத்தில் நிற்கும்போது யாருக்கும் கேட்க வராது.

டெல்பின் மாம்பழ நிறத்தில் புதுச் சேலை கட்டியிருந்தாள். உப்புப் பொட்டலமும் குடமுமாக வந்து, எப்போதும் போலக் கடைசியாக ஏறினாள். பாலகுரு சார் கதவில் இருந்த சிவப்பு எழுத்தைக் காட்டினார்.

"இதுல என்னா எழுதியிருக்குன்னு பாரு. முன்னாலயே வந்து ஒக்காரு டெல்பின்."

"எங்கண்ணன் கட்டுன வண்டிங்க இது. ஒண்ணும் ஆவாது, நீங்க எடுங்க," என்றாள்.

பின்கோடிப் படுக்கையில், பின் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். அவள் தைத்த திரையை ஒதுக்கிவிட்டுக் கை காட்டினாள். காஜா கடை வாசலில் நின்று பதிலுக்குக் கை காட்டினார். நானும் காட்டினேன். அன்று நான் டிவிஎஸ்ஸை எடுக்கவில்லை.

முக்கு வரை ஆட்டம் இருந்திருக்காது. பட்டினத்துக் கடைத்தெருவில் மெதுவாகத்தான் போக முடியும். அதைத் தாண்டி, வாஞ்சூருக்கு முன்னால் உள்ள பாலத்து இறக்கத்தில்தான் வேகம் பிடிக்கும். ஐம்பத்தைந்து, அறுபது இருந்திருக்கலாம், அது ஒன்றும் அதிக வேகம் இல்லை. மூன்று தரம் ஆடியது என்றும், நான்காவது தரம் புரண்டு சரிவில் இறங்கிவிட்டது என்றும் பின்னால் வந்த பஸ்காரர் சொன்னாராம். இழுத்த இழுப்பில் ஜீப் சுற்றிப்போய்த் தடுப்பில் மோதியிருக்கிறது. ஒன்பது மணிக்குக் காஜாவுக்குத்தான் முதலில் போன் வந்தது. அவர் கடையிலிருந்து ஓடிவந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்ல முடியாமல் அழுதார். நான் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவள் உயிர் போய்விட்டது என்றார்கள். வெல்டிங் ஒன்றுகூட விடவில்லை. சட்டம் கோணவில்லை. நீங்களே பார்த்தீர்கள்.

அடக்கம் முடிந்து வந்து அவள் பீரோவைத் திறந்தேன். என்னென்ன எடுத்துப் போயிருக்கிறாள் என்று பார்க்க வேண்டும் போல் இருந்தது. நான்கு சேலையும் ஒரு துவாலையும்தான் குறைந்தன. சர்ட்டிபிகேட் வைக்கும் பிஸ்கட் டின் இருந்த இடத்திலேயே இருந்தது. மாடத்தில் அம்மா வைத்த மாதா இருந்தது, அதன் கையில் டெல்பினின் ஜெபமாலை மாட்டியிருந்தது. வண்டியில் இருந்தது வேறு சுரூபம், புதிது. காஜாவின் மகள் பள்ளிச் சுற்றுலா போனபோது டெல்பின் சொல்லி அவள் வாங்கி வந்ததாம். அடுப்பங்கரையில் எனக்காக ஒரு தாள் ஒட்டியிருந்தது. எந்த டப்பாவில் என்ன இருக்கிறது, சோற்றுக்கு எத்தனை விசில், டீக்கு எத்தனை ஸ்பூன் என்று எழுதியிருந்தாள். அந்தத் தாளை எடுத்து மடித்து வைத்துவிட்டேன். அதைப் பார்த்து டீ போட எனக்கு மனம் வரவில்லை. அவள் திரும்பி வரத்தான் இருந்தாள் போலிருக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டுக்கு அது வேண்டியதில்லை.

இப்போது ஷட்டர். அந்த நான்கு வரியையும் புதன்கிழமை சாயங்காலம் எழுதினேன். அழித்திருக்கலாம். சரியாக வந்த கணக்கை அழிக்க எனக்குக் கை வராது. முதல் வரி, முன் டேங்க் காலி. இரண்டாவது வரி, பின் டேங்க் நாற்பத்தைந்து. மூன்றாவது வரி, ஸ்டெப்னி பதினான்கு. இந்த மூன்றுக்கும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மூக்கில் பத்து கிலோ மிச்சம் நிற்கும். வண்டி ஆடும், ஆனால் கவிழாது. பாலகுரு சார் பயந்து திரும்பி வருவார். நான் நினைத்தது அவ்வளவுதான் என்று இவ்வளவு நேரம் உங்களிடம் சொன்னேன். எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வரியை எழுதிவிட்டு, மூக்கில் மிச்சம் நிற்கிற பத்தையே பார்த்துக்கொண்டு நின்றபோது டெல்பின் டீ கொண்டுவந்தாள். முதல் டம்ளர் எனக்குத்தான், அன்று வேறு யாரும் இல்லை.

"அண்ணே, நாளைக்கு டிவிஎஸ் எடுத்துக்கிட்டு முக்குக்கு வராதீங்க," என்றாள். "இந்த தடவ நான் அங்க எறங்க மாட்டேன். எத்தன பேரு வண்டியில ஏறி ஏறி எறங்கியிருக்கேன். இது என் வண்டிண்ணே. கொடத்தோட மாதா கோயிலு வரைக்கும் உள்ளேயே ஒக்காந்து போவப் போறேன்."

நான் சரிம்மா என்றேன். டீயைக் குடித்து முடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது. டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் உள்ளே போனதும் சாக்பீஸை எடுத்து நான்காவது வரியை எழுதினேன். ஐம்பத்தெட்டு. அதைச் சேர்த்த பிறகுதான் மூக்கு தூக்கியது.

அதனால், கட்டியதில் தப்பு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் சார்.